மூன்று துண்டு நிலமும் முப்பது மூட்டைச் சுண்ணாம்பும்

1

"மச்சான், நீ அவுஸ்திரேலியாவிலை கங்காருவுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறியாம். பரந்தன் சந்தியிலை எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். உண்மையோ?"

போன கிழமை வந்த வான்கடிதத்தில் என் பழைய கூட்டாளி ஒருவன் இப்படிக் கேட்டிருந்தான். வாசித்துச் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் மேசையெல்லாம் சிந்தியது. அட, கதை கடல் தாண்டிப் போகும்போது எப்படியெல்லாம் குட்டி போடுகிறது! கங்காருவுக்கு இல்லையடா, கங்காரு மேய்கிற நிலத்துக்கு! அவனுக்கு மட்டும் பதில் எழுதினால் அதுவும் வேறொரு கதையாக மாறிவிடும். ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும். இவ்வளவு சந்தோஷமான விஷயத்தை மானத்துக்குப் பயந்து மூடி வைத்திருக்க என்னால் முடியவில்லை.

2

எழுபத்தைந்தாம் ஆண்டு தை மாதம் சிட்னியில் வந்து இறங்கினோம். நான், மனைவி சிவகாமி, பத்து வயது மகள் வாசுகி. கிளிநொச்சிப் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். வரம்பில் கால் வைத்தால் "ஐயா வாறார்" என்று தோளில் கிடக்கும் சால்வையை இறக்குவார்கள். இங்கே வந்ததும் என் டிப்ளோமாவை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. மூன்று மாதம் கழித்து ஞாபகமூட்டினேன். ஞாபகமூட்டல் கிடைத்தது, அதுவும் பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. அந்தப் பரிசீலனை நடந்த இரண்டு வருடமும் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பிஸ்கற் வாசம் என் தலையணைவரை ஏறிவிட்டது.

அப்போதுதான் பத்திரிகையில் அந்த விளம்பரத்தைக் கண்டேன். பரமட்டாவிலிருந்து மேற்கே காரில் முக்கால் மணி நேரம் ஓடினால் ஒரு காட்டு விலங்குப் பூங்கா. கங்காரு, அதற்குத் தம்பி முறையான வல்லபி, காட்டு வாத்து எல்லாம் உண்டு. மரங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிலம் திருத்தி அவை மேய்வதற்குக் குளோவர் என்ற மூவிலைப் பயிரை விதைப்பார்களாம். அதைப் பார்க்க ஆள் தேவை. மண்! பயிர்! அன்றைக்கே விண்ணப்பம் எழுதிப் போட்டேன்.

பூங்காவை நடத்துகிறவர் பெயர் கெவின். இங்கே முதலாளியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வராது. "மிஸ்டர் கெவின்" என்பேன். அவர் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பார். நேர்முகத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: டிராக்டர் ஓட்டுவாயா?

"பன்னிரண்டு வருடம் டிராக்டர்களோடுதான் இருந்தேன்" என்றேன்.

பொய் இல்லை. டிராக்டர்களோடுதான் இருந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் குடை, வரம்பில் நின்று "அங்காலை ஆழமா உழு, இஞ்சாலை பாத்து உழு" என்று விரல் நீட்டியபடி இருந்தேன். எங்கள் ஊரில் படித்தவன் ஸ்டியரிங்கில் கை வைத்தால் உத்தியோகத்துக்கு இழுக்கு. அதில் ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை என்பதைக் கெவின் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை கிடைத்தது. ஆனால் செப்டம்பர் பள்ளி விடுமுறை வரைக்கும்தான். சனம் பூங்காவை நிறைக்கிற அந்த நாட்களில் நிலம் பச்சையாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் பிஸ்கற்.

3

குளோவர் அந்த நிலத்தில் ஒருநாளும் சரியாக வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் கெவின் விதைப்பார், பொஸ்பேற் உரம் போடுவார், அது விரலளவு முளைத்து மஞ்சளாகிக் கருகிவிடும். இன்னும் உரம் போடுவார். அடுத்த வருடமும் அதே கதை.

மண்சோதனைப் பெட்டி ஒன்று களஞ்சியத்தில் தூசி பிடித்துக் கிடந்தது. ஒரு பிடி மண்ணில் சாயத்தை விட்டு, மேலே வெள்ளைத் தூளைத் தூவினால் நிறம் சொல்லும். எங்கள் யாழ்ப்பாணத்து மண் என்றால் ஊதா நிறம் காட்டும். கேட்கவா வேண்டும், இரண்டு அடி தோண்டினால் சுண்ணாம்புக் கல்லில் மண்வெட்டி டங்கென்று மோதுகிற ஊர்! இங்கே தூள் தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறமாக மாறியது. கடும் புளிப்பு மண். இந்தப் புளிப்பில் எவ்வளவு உரம் போட்டாலும் பயிரால் உறிஞ்ச முடியாது. சுண்ணாம்புக்கல் மாவு போட்டுப் புளிப்பை முறித்தால் போதும். நான் அந்தக் களஞ்சியத்தில் நின்று துள்ளாத குறை. இரண்டு வருடத்தில் முதன்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்று இந்த நாட்டுக்குத் தேவைப்பட்டது!

உண்மையைச் சொன்னால், வயலுக்குச் சுண்ணாம்பு போடுவதைப் பற்றி நான் பயிற்சிப் பாடசாலையில் மூன்று பக்கம் படித்ததோடு சரி. அது மலைநாட்டுத் தேயிலைக்காரர்களின் பாடு. எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு வெற்றிலைக்கும் சுவருக்கும்தான்.

கெவின் நம்பவில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு, "மூன்று துண்டு நிலம் தருகிறேன், ஒவ்வொன்றும் அரை ஏக்கர். சுண்ணாம்பு எடுப்பித்துத் தருகிறேன். உன் பேச்சு, உன் பொறுப்பு" என்றார். மாசி மாதக் கடைசியில் முப்பது மூட்டை வந்து இறங்கியது. நிலத்துக்குப் பத்து மூட்டை. "டிராக்டர் அதோ நிற்கிறது. செவ்வாய்க்கிழமைக்குள் முடித்துவிடு" என்று வண்டிச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, என்னிடம் எறிந்தார். திறப்பு என் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது.

4

அன்று வெள்ளிக்கிழமை. டிராக்டருக்குப் பின்னால் பெரிய புனல் மாதிரி ஒரு தொட்டி. அதற்கு அடியில் ஒரு தட்டு சுழன்று மாவை இரண்டு பக்கமும் வீச வேண்டும். கெவின் ஓட்டும்போது பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். பிள்ளையாரே என்று ஏறினேன்.

கிளச்சை விட்டேன். வண்டி தவளைபோல் பாய்ந்தது. அணைந்தது. மறுபடி பாய்ந்தது. எப்படியோ ஓடத் தொடங்கியதும் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பார்க்கப் பார்க்க அது தன் எண்ணத்துக்கு வளைந்தது. சுண்ணாம்பு தொட்டிக்குள் இறுகி நின்றது, விழவில்லை. நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினேன், கால் மூட்டை ஒரே இடத்தில் கொட்டுண்டது. காற்று எழும்பியது. வெள்ளைப் புகைக்குள் நானும் டிராக்டரும் மறைந்தோம். வேலிக்கு அப்பால் ஏழெட்டுக் கங்காருக்கள் முன்னங்கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தன. என் மாமனார் வீட்டார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்த சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னப்பா இது, விபூதிக் குளத்துக்குள்ள விழுந்தனீங்களோ?"

மகள் எட்டிப் பார்த்து, இந்தக் கோலத்தில் தன்னைப் பள்ளிக்கூட வாசலுக்கு ஏற்ற வந்துவிட வேண்டாம் என்று இங்கிலிஷில் கெஞ்சிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு. நாங்கள் தமிழில் கேட்போம், இங்கிலிஷில் பதில் வரும்.

குளித்துவிட்டு வந்தும் என் முகம் விழுந்தே கிடந்தது. "நிலம் கோணல், டிராக்டரும் ஒரு பழைய சாமான்" என்றேன்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றாள் சிவகாமி. "உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு மிசின் ஓடத் தெரியுமோ?"

எங்கள் வன்னிப் பக்கத்தில் டிராக்டருக்கு மிசின் என்றுதான் பெயர். நான் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"திங்கக்கிழமை பூங்கா பூட்டு. கெவினும் பரமட்டாவுக்குப் போயிடுவார் எண்டு சொன்னனீங்கள்தானே? நான் வாறன். மிச்ச ரெண்டு துண்டையும் நான் ஓடித் தாறன்."

"உமக்கென்ன விசரே? நீர் எங்கை மிசின் பழகினனீர்?"

"பரந்தனிலை, எங்கடை ஐயாவின்ரை மிசினிலை. பதினாலு வயசிலை தொடங்கினனான். பெரிய பிள்ளையான பிறகு மறிச்சவை. ஆனா ஐயாவுக்கு நாரிப்பிடிப்பு வந்து நிமிரேலாமல் கிடந்தால் விடியக்காலமை, சனம் எழும்ப முன்னம் நான்தான் உழுறது. உங்கடை சம்பந்தம் பேசி வரேக்கை, மாப்பிளை ஒபிசர், பெட்டை மிசின் ஓடுறவள் எண்டு தெரிஞ்சால் குழம்பிப் போடும் எண்டு ஐயா திறப்பை நெல்லு மூட்டைக்குள்ளை ஒளிச்சவர். அண்டைக்கு விட்டதுதான்."

"பதினாலு வருஷமா ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் மிசினைப் பற்றி ஊருக்கெல்லாம் லெக்சர் அடிச்சுக்கொண்டெல்லோ திரிஞ்சனீங்கள்!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி நான் வேலை எடுத்தேன். தெரிந்ததைத் தெரியாது என்று மறைத்துத்தான் அவளுக்குக் கலியாணமே நடந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பாயில்!

5

திங்கட்கிழமை காலை மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் புறப்பட்டோம். "ராகு காலம் ஒம்பதுக்குத்தான் முடியும், அதுக்குப் பிறகு மிசினை எடுப்பம்" என்றாள். அது ஊர் நேரமா சிட்னி நேரமா என்று கேட்டேன். ராகுவுக்கு எல்லா இடமும் தெரியும், நீங்கள் காரை ஓடுங்கோ என்றாள்.

நேரே ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் மூட்டைகளைத் திறந்து கையைவிட்டுப் பார்த்தாள். கட்டி பட்ட மாவையெல்லாம் அரிதட்டில் அரிக்கச் சொன்னாள். அரித்தேன். "தொட்டியை நிரப்பாதேங்கோ. நிரப்பினால் பாரத்திலை இறுகிப்போம். அரைவாசி போதும்." பிறகு கார் பின்சீற்றிலிருந்து என் பட்டுக்கரை வேட்டியை எடுத்து நிலத்தில் விரித்தாள். ஐயோ, கலியாண வேட்டி! டிராக்டரை அதன் பக்கமாக ஒரு தரம் ஓட்டி, வேட்டியில் விழுந்த மாவைக் கூட்டி அள்ளி, குசினித் தராசில் நிறுத்தாள். இவ்வளவு நீள அகலத்தில் இவ்வளவு மா விழுகிறது, நிலம் முழுவதற்கும் பத்து மூட்டை சரியாக வருமோ என்று கணக்குப் பார்க்கச் சொன்னாள். அதில் நான் புலி. இரண்டு மடங்கு விழுகிறது என்றேன். "அப்ப தொட்டி வாயைக் கால்வாசியாக் குறையுங்கோ. அரைவாசியை நீளப் பாட்டுக்குப் போடுவம், மற்ற அரைவாசியைக் குறுக்கை போடுவம். ஒரு ஓட்டத்திலை விட்ட இடத்தை மற்றது பிடிச்சுக்கொள்ளும்."

பழைய சீலையைக் கிழித்துத் தடிகளில் கட்டி வரிசைக்கு வரிசை நட்டோம். பச்சையும் சிவப்புமாகக் கொடிகள். ஏதோ திருவிழாத் தொடக்கம் மாதிரி இருந்தது. காற்றும் அசையாமல் நின்றது.

சிவகாமி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு பாய்ச்சல் இல்லை. வண்டி நூல் பிடித்தது போலப் போனது. பின்னால் மா இரண்டு பக்கமும் மெல்லிய விசிறியாக விழுந்தது. நான் அந்தக் காட்டுக்குள் தனியாக நின்று கைதட்டினேன். கடவுளே, எவ்வளவு வடிவு! திரும்பி வந்தபோது அவள் கண்கள் நனைந்திருந்தன. சுண்ணாம்புத் தூசியோ என்று கேட்டேன்.

"இல்லையப்பா. சந்தோசம், புளுகமாக் கிடக்கு" என்றாள்.

பிறகு என்னை ஏற்றினாள். "முன்சில்லைப் பாராதேங்கோ. அந்தத் தொங்கலிலை, வேலி முடியிற இடத்திலை நிக்கிற மரத்தைப் பாருங்கோ. ஆஅ... பாத்தியளே? கிளச்சிலை என்ன கோவம் உங்களுக்கு, மெல்ல விடுங்கோ!" மத்தியானத்துக்குள் இரண்டு துண்டும் முடிந்தது. அவற்றை அவளே ஓட்டினாள்; எனக்குப் பழக்கியது வெறும் தொட்டியோடு. முதல் துண்டையும் திருத்தித் தாரும் என்றேன். ஆனால் அதற்கான பத்து மூட்டையையும் நான் கண்டபடி கொட்டித் தீர்த்துவிட்டிருந்தேன். ஆகவே அது அப்படியே கிடந்தது.

கெவின் மாலையில் வந்து பார்த்தபோது நிலமெல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாளில் மழை பெய்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

6

சித்திரையில் மூன்று துண்டிலும் குளோவர் விதைத்தேன். அதற்குள் நானும் ஓரளவு நேராக ஓட்டப் பழகியிருந்தேன். குளிர்காலம் வந்தது. டிப்ளோமா பற்றி இன்னொரு கடிதம் வந்தது. மூலப்பிரதி அனுப்பவும் என்றார்கள். மூலப்பிரதி அவர்களிடம்தான் இருந்தது. பிஸ்கற் தொழிற்சாலை மேற்பார்வையாளரைச் சந்தையில் கண்டேன். எப்போது திரும்ப வருகிறாய், உன் இடம் அப்படியே இருக்கிறது என்று அன்பாகக் கேட்டார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தினமும் காலையில் குனிந்து குனிந்து பார்த்தேன். ஆடி முடியும்வரை மூன்று துண்டும் ஒரே மாதிரிச் சோம்பிக் கிடந்தன. ஆவணியில் வெயில் கொஞ்சம் ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

7

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை. அன்று கெவின் பரமட்டாவுக்குப் போகவில்லை. "வா, உன் சுண்ணாம்பைப் பார்ப்போம்" என்றார். சிவகாமியும் மத்தியானச் சோறு கொண்டு வந்திருந்தாள். மூன்று பேருமாக நடந்தோம்.

முதல் துண்டைக் கண்டதும் எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது போல இருந்தது. என் சவாரியை நிலம் அப்படியே எழுதி வைத்திருந்தது! சுண்ணாம்பு விழுந்த இடமெல்லாம் கரும்பச்சை. விழாத இடமெல்லாம் மஞ்சள். பச்சைப் பாம்பு ஒன்று வேலியில் தொடங்கி, வளைந்து, நெளிந்து, ஒரு மரத்தைச் சுற்றி, தன் வாலைத் தானே கடக்கப் போய் நின்றிருந்தது. நான் தொட்டியைத் தட்டிக் கொட்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு.

கெவின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் இருந்துவிட்டார்.

"சுண்ணாம்புதான்! சுண்ணாம்பேதான்! ஒழுங்காகப் போட்டிருந்தால்கூட நான் மழையால் வந்தது என்றிருப்பேன். இதை யார் மறுக்க முடியும்?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அடுத்த துண்டுக்குப் போனோம். அங்கே அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். வேலியிலிருந்து வேலிவரை கணுக்கால் உயரத்துக்குக் குளோவர். நான்கு வல்லபிகள் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது துண்டும் அப்படித்தான்.

"இன்னும் பன்னிரண்டு துண்டு திருத்தப் போகிறேன். இப்படி ஓட்ட ஒரு ஆள் எனக்கு வேண்டும். அந்தப் பாம்புக்குப் பிறகு மூன்றே நாளில் பழகிவிட்டாயா? இது நீதானே?"

வாய்வரை வந்துவிட்டது. ஆம் என்று ஒரு சொல். வேலை நிரந்தரம், பிஸ்கற் இல்லை, யாருக்கும் நட்டமில்லை. சிவகாமியைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி குளோவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொன்னாலும் அவள் வாய் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை எனக்காகத்தான் அவள் வாயை மூடினார்கள். இரண்டாம் முறை நானே மூடுவதா?

"இல்லை" என்றேன். "அந்தப் பாம்புதான் நான். இவை இரண்டும் என் மனைவி ஓட்டியது. எனக்கு ஓட்டவே தெரியாது. உங்களிடம் ஓட்டத் தெரிந்தவன் மாதிரிக் கதைத்தேன். என்னை அனுப்புவதென்றால் அனுப்புங்கள்."

சிவகாமி "ஐயோ, ஏனப்பா?" என்று என் கையைப் பிடித்தாள்.

கெவின் தொப்பியைத் திரும்பப் போட்டார். "திறப்பை எறிந்த அன்றைக்கே தெரியும். நீ வண்டியின் பிழையான பக்கத்தால் ஏறினாய். ஆனால் என் மண்ணுக்கு என்ன வருத்தம் என்று சொன்ன முதல் ஆள் நீ. மண் உன் வேலை. அதில் மாற்றம் இல்லை" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து டிராக்டர் திறப்பை எடுத்தார்.

பழக்கம் பாருங்கள், என் கை தானாக நீண்டது. அவர் என் கையைத் தாண்டிப் போய், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, திறப்பைச் சிவகாமியிடம் நீட்டினார். நாளையிலிருந்து வேலைக்கு வர முடியுமா என்று அவளிடமே கேட்டார்.

பதினான்கு வருடமாக யார் எதைக் கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். கோயில் ஐயர் கேட்டாலும், டொக்டர் கேட்டாலும் அப்படித்தான். அன்றைக்கு அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யெஸ்" என்றாள். "டுடே ஓல்சோ."

சாப்பாட்டுப் பையை என் கையில் திணித்துவிட்டு நடந்தாள். மிசின் முழங்கியது. வேலியோரம் திரும்பும்போது என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"என்ன அங்கை வரம்பிலை நிண்டு பாக்கிறியள்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாங்கோவன்!"

ஓடினேன்.